இரண்டாவது படம்

முதல் புகார் காலை பத்தரைக்கு வந்தது. "எங்க கல்யாண போட்டோவுல யாரோ ஒரு பெரியவர் நிக்கிறார்." மருமகள் படத்தைத் திறந்து பார்த்தாள். மணப்பெண்ணின் தோளுக்கு மேல் மங்கலாகத் தெரிந்தவர் இவளுடைய சொந்த மாமனார்.

இரண்டு படங்களை ஒன்றாகக் கலந்து தரும் செயலி அது. எழுதியவள் அவள்தான். இரண்டாவது படம் திறக்காவிட்டால் செயலி பாதியில் நின்றுவிடக் கூடாதே என்று, சோதனைக்காக அந்த இடத்தில் கைக்குக் கிடைத்த மாமனாரின் பாஸ்போர்ட் படத்தை வைத்திருந்தாள். வைத்தவள் எடுக்க மறந்துவிட்டாள். நேற்று மாலை செயலி வெளியாகிவிட்டது. கேட்காமல் பேனாவை எடுத்தாலே மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனிதர் அவர். அந்த முகம் இப்போது ஊரார் போனிலெல்லாம் தரிசனம் தந்துகொண்டிருந்தது.

"யாரு அந்தத் தாத்தா?" என்று போனில் கேட்டாள் டீம் லீடர்.

"தெரிஞ்சவர்தான்."

"சீக்கிரம் அவர வெளிய அனுப்பு."

திருத்தம் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் புதிய பதிப்பை ஆப் ஸ்டோர்காரர்கள் அனுமதிக்க வேண்டுமே. அதற்குள் எவராவது ஒரு புண்ணியவான் அவருக்கே அனுப்பி வைத்தால்? புகார்கள் பத்தொன்பது ஆகியிருந்தன. அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

வீட்டில் அவள் வேலை பார்க்கும் அறை வாசலில் மாமனார் வந்து நின்றார். கையில் போன். தொலைந்தோம் என்று நினைத்தாள்.

"மாமா, உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்..."

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "நீ செஞ்ச ஆப்லதான் எங்க ரெண்டு பேர் படத்தையும் போட்டுப் பாத்தேன். உன் அத்தையும் நானும் சேந்து ஒரு போட்டோகூட எடுத்துக்கலம்மா. அவ கேக்கும்போதெல்லாம் அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டேன்."

மாமியார் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். மாமியாரின் படம் ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்தது. அவ்வளவு பெரிய படத்தைச் செயலியால் திறக்க முடியவில்லை. மாமனாரின் முகத்தின் மேலேயே மாமனாரின் முகம் விழுந்திருந்தது.

"எத்தன தடவ போட்டாலும் நான்தான் ரெண்டு தடவ வர்றேன்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அவளுக்குக் கோவம் இன்னும் போகல போல."