மூஞ்சிக்கு மார்க்

விடியற்காலை ஐந்தரைக்கே அமிர்தவள்ளியின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஆம்பூர்த் தோல் ஷெட்டில் அவளும் வஹீதாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஈரத்தோலைப் பலகையில் விறைக்க இழுத்து கிளிப் மாட்டுவார்கள். பிடி நழுவினால் கிளிப் தெறித்து முகத்தைக் கிழிக்கும். அன்றைக்குக் கிழித்தது. கன்னத்து ரத்தத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். மனசெல்லாம் ஆஸ்பத்திரியில் கிடந்தது.

முந்தின நாள்தான் அவள் மகள் சௌந்தர்யா வீட்டுக் கண்ணாடியைக் குத்தி நொறுக்கினாள். பதினாறு வயசுக் கையில் பதினோரு தையல்.

எல்லாம் அந்த வருஷம், 2009 ஆயுத பூஜையில் தொடங்கியது. கம்பெனிக்கு வந்த தொழிலாளர் பிள்ளைகளை முதலாளி துரைசாமியின் மகன் கௌதம் படம் பிடித்தான். ஆசையாய்ப் பிடிக்கிறான் என்று தாய்மார்களே பூ வைத்து நிறுத்தினார்கள். அந்தத் தறுதலை அந்தப் படங்களைப் போட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு வலைப்பக்கம் நடத்தினான். ஒவ்வொரு மூஞ்சிக்கும் பத்துக்கு எத்தனை மார்க் என்று எவனும் எழுதலாம். எந்தப் படத்தின் கீழ் அதிகம் எழுதுகிறார்களோ அது தானாக மேலே ஏறும். சௌந்தர்யாவைக் கரிச்சட்டி என்றார்கள். சோறு தண்ணி இறங்காமல், தினமும் பிரவுசிங் சென்டருக்கு ஓடி அதையே பார்த்தாள்.

சேதி தெரிந்ததும் ஷெட்டே கொதித்தது. ஒற்றுமைக்குக் குறைச்சலில்லாத ஜனங்கள். நாற்பது பேர் பிரவுசிங் சென்டரில் வரிசை கட்டி, எங்க பொண்ணைப் பேசாதே, படத்தை எடு என்று சென்டர்ப் பையனைக் கொண்டு ஆளாளுக்கு எழுதவைத்தார்கள். மறுநாள் பார்த்தால் சௌந்தர்யாவின் படம்தான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் கண்ணாடியை உடைத்தாள்.

"அந்தக் கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியாதுக்கா," என்றாள் வஹீதா. "திட்றோமா, கெஞ்சுறோமான்னு பாக்காது. எத்தினி பேருன்னு எண்ணும். நாமதான் ஏத்திவிட்டுட்டோம்."

முதலாளியின் கார் உள்ளே வந்ததும் அமிர்தவள்ளி தோலை அப்படியே விட்டுவிட்டு ஆபீஸுக்கு நடந்தாள். வஹீதாவும் கூடவே போனாள்.

துரைசாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பையன்கள் விளையாட்டு, பிடிக்காவிட்டால் பார்க்காமல் இருக்கவேண்டியதுதானே என்றார்.

"பதினாறு வயசுப் புள்ளையால பாக்காம இருக்க முடியாது மொதலாளி. அது தெரிஞ்சுதான் உங்க புள்ள அப்படி வச்சிருக்கான்."

"யார்கிட்ட இன்னா பேசுற? இழுத்து வெளிய போடுங்கடா."

வாட்ச்மேன்கள் அவளை மயிரைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்கள். தடி முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்தது. குறுக்கே விழுந்த வஹீதாவின் மண்டை பிளந்து முகமெல்லாம் ரத்தம் வழிந்தது. தோல் பதனிடச் சுழலும் டிரம் பக்கமிருந்த ஆண்கள், சவ்வு சீவும் கத்திகளோடு ஓடிவந்தார்கள். வாட்ச்மேன்கள் சிதறினார்கள். ஆபீஸுக்குள் இருந்த கௌதம் மேஜைக்கடியில் பதுங்கினான். ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் கொலை விழுந்திருக்கும்.

"கத்தியைப் போடுங்கப்பா," என்று கத்தினாள் அமிர்தவள்ளி. "இவனை வெட்டினா அதைப் பாக்கவும் ஜனம் முண்டியடிக்கும். வேலையை நிறுத்துங்க. யாரும் கம்ப்யூட்டர்ல அந்தப் பக்கத்தைத் தொறக்காதீங்க. படத்தை எடுக்கறவரைக்கும் ரெண்டும் கெடயாது."

டிரம்கள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்து ஷெட்காரர்களும் வந்து கேட்டை அடைத்து உட்கார்ந்தார்கள். முறிந்த கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று அமிர்தவள்ளி அவர்கள் நடுவே இருந்தாள். போலீஸ் வண்டி வந்து நின்றது. லத்திகளோடு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். படம் இன்னும் மேலேதான் இருந்தது.

படத்தில் சிக்கிய மற்ற பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடச் சீருடையிலேயே வந்தார்கள். அவர்களோடு, ஆஸ்பத்திரியிலிருந்து கையில் கட்டோடு சௌந்தர்யா. ஒரு மாசமாகத் துப்பட்டாவால் முகத்தை மூடியே நடந்தவள், தெருவே பார்க்க அதை எடுத்து வஹீதாவின் தலையில் ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டினாள்.

"கொஞ்சம் நகரும்மா," என்றாள் அமிர்தவள்ளியிடம், போலீஸுக்கு எதிரே அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே.