கடைசிப் பக்கத்து நன்றி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் அண்ணன் அழுகிப்போன முட்டை ஒன்றை உப்புத் தொட்டு முழுசாகத் தின்றுவிட்டு, இரண்டாவதை உரித்துக்கொண்டிருந்தான். கண் டிவியில் ஓடிய மேட்ச் மேல் இருந்தது. அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து தட்டைப் பிடுங்கினாள். நான் வாசலுக்குப் போய் ஓங்கரித்தேன். அண்ணனோ எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "ஏன், நல்லாத்தானே இருந்துச்சு?" என்றான்.

அண்ணன் தோல் ஃபாக்டரியில் கழிவுநீர் பம்ப் ஆபரேட்டர். பதினெட்டு வருஷ சர்வீஸ். தோல் ஊறிய தண்ணீரும் சுண்ணாம்பும் மயிரும் கொழுப்பும் வந்து விழுகிற தொட்டிக்குப் பக்கத்தில், ஒரே ஒரு ஜன்னல் வைத்த அறையில், தினம் எட்டு மணி நேரம். அந்த ஜன்னலும் தொட்டியைப் பார்த்துத்தான் இருக்கிறது. அவனுக்கு மூக்கு போய்விட்டது என்பது அந்த முட்டை நாளில்தான் எங்களுக்கு உறுதியானது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. பாலோ மீனோ, எதையும் அவன் வாயில் வைப்பதற்கு முன்னால் வேறு யாராவது மோந்து பார்க்க வேண்டும். அண்ணி இல்லாவிட்டால் நான். அவன் டம்ளரை நீட்டுவான், நான் மோந்துவிட்டுத் தலையாட்டுவேன், அவன் குடிப்பான்.

என்னைப் படிக்கவைத்தது அந்த பம்ப் அறைதான். இப்போது ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். சேர்ந்து இரண்டு வருஷமாகிறது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வெள்ளைக்காரன் போன பிறகு அவன் விட்டுப்போன அழுக்கு எங்கே தங்கியது, நாவல்கள் அதை எப்படிச் சொல்கின்றன என்பது என் ஆராய்ச்சி. முட்டைக்குப் பிறகு, ஏற்கெனவே படித்த சுரங்க நாவல்களையும் தோட்ட நாவல்களையும் மறுபடி எடுத்துப் புரட்டினேன். வெளியிலிருந்து வந்து பார்க்கிறவர்கள் தண்ணீரின் நிறத்தை எழுதுகிறார்கள். அங்கேயே கிடந்து வாழ்கிறவர்கள் நாற்றத்தை எழுதுகிறார்கள். பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நானே கண்டது.

அண்ணனின் ஃபாக்டரி, சிப்பாய்களுக்கு பூட்ஸ் தைக்க வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. ஆவணக் காப்பகத்தில் தூசியைத் தின்றுகொண்டு ஒரு மாதம் தேடியதில், கால்வாய் நாறுகிறது என்று கரையோரத்து ஜனங்கள் கொடுத்த மனு ஒன்று கிடைத்தது. அதன் ஓரத்தில் ஓர் அதிகாரி எழுதியிருந்தான்: "நேரில் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. நாற்றம் இவர்களுடைய கற்பனை." கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டுதான் அதை எழுதியிருப்பான் என்று நான் சத்தியம் செய்வேன். அவன் கையெழுத்து அவ்வளவு அழகு. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

நாவலையும் மனுவையும் வைத்துக்கொண்டு இன்றைய தண்ணீரைப் பற்றி வாய் திறக்க முடியாது. அதனால் எங்கள் கல்லூரி கெமிஸ்ட்ரி மேடத்தைப் பிடித்தேன். அண்ணன் வாரம் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துவந்து அவரிடம் கொடுத்தான். மூக்கு இல்லாததால், எந்த நாள் கண் எரிந்தது, எந்த நாள் தலை வலித்தது, எந்தத் தொட்டியைத் திறந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தும் வைத்தான். அவன் நோட்டும் மேடத்தின் அளவுகளும் தேதி வாரியாக ஒத்துப்போயின. "அழுகின முட்டையில வர்ற அதே வாயுதான். மூக்கைத்தான் முதல்ல கொல்லும்," என்றார் மேடம்.

எங்கள் துறைத் தலைவர் அப்போது என்னைக் கூப்பிட்டு, "இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்டுக்குச் சாக்கடைத் தண்ணி எதுக்கும்மா?" என்று கேட்டவர். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது என்று தெரிந்ததும், வழிகாட்டியவர் என்று தன் பெயரை இரண்டாவதாகச் சேர்க்கச் சொன்னார். நாக்குக் கூசவில்லை அவருக்கு. எனக்கும் கூசவில்லை, சேர்த்தேன். நிரந்தரம் ஆக வேண்டுமே.

கட்டுரையில் அண்ணனுக்குப் பெயர் இல்லை. பதினேழு பக்கத்திலும் 'ஓர் ஊழியர்' என்றுதான் வருகிறான். ஃபாக்டரிக்கும் பெயர் வைக்கவில்லை. அவன் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்று வரிக்கு வரி பார்த்து எழுதினேன். எல்லாம் முடிந்த பிறகு கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில், 'தன் மூக்கைத் தொலைத்து என்னைப் படிக்கவைத்த என் அண்ணனுக்கு' என்று ஒரு வரி சேர்த்தேன். டைப் அடிக்கும்போது அழுகை வேறு வந்தது. அந்த அழுகை இப்போது எனக்குக் குமட்டுகிறது. இத்தனைக்கும் அவனிடம் நான் எதையும் கேட்கவில்லை. பாட்டிலும் நோட்டும் காலேஜ் வேலைக்கு என்றுதான் சொல்லியிருந்தேன். அவன் ஆங்கிலம் படிக்க மாட்டான் என்கிற தைரியம்.

கட்டுரை வெளியாகி ஒரு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்குத் துறைத் தலைவர் ஆள் அனுப்பினார். அவர் அறையில் எப்போதும் எலுமிச்சை வாசனை ஸ்ப்ரே அடித்திருக்கும். அதற்கு அடியில் ஈரத் தரைவிரிப்பின் பூஞ்சை நாற்றம். அவர் வாயில் ஏலக்காய் மிட்டாய் ஒன்று இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருண்டுகொண்டிருந்தது. எதிரே ஃபாக்டரியில் ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீஸர். மேஜைமேல் என் கட்டுரை, கடைசிப் பக்கம் மேலே தெரிய.

"ரொம்ப அருமையா எழுதியிருக்கீங்க மேடம்," என்றார் ஆபீஸர். "இந்த ஊழியர் யாருன்னு நாங்க யாரையும் விசாரிக்கல. நீங்களே சொல்லிட்டீங்க." விரல் நுனியால் அந்த வரியைத் தட்டினார். "ஃபாக்டரி விஷயத்தை, ஃபாக்டரி தண்ணியை வெளியில கொண்டுபோனா என்ன ஆகும்னு உங்க அண்ணனுக்குத் தெரியும். பதினெட்டு வருஷ சர்வீஸ் பாருங்க."

ஒரே ஒரு வரி. என் அழுகைக்காக நானே போட்ட வரி.

துறைத் தலைவர் மிட்டாயை ஓரம் கட்டினார். "இதுல கட்டுரை எழுதினவங்க நீங்க மட்டும்தானே. என் பேரு ஏதோ தவறிப்போய் வந்திருக்கு, அதையும் எடுத்திடச் சொல்லி எழுதிட்டேன். விடுங்க. நாம இலக்கிய ஆளுங்கம்மா. அந்த ஊழியர் ஒரு கதாபாத்திரம்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு."

கடிதம் ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. ஆய்விதழுக்கு ஒன்று, ஃபாக்டரிக்கு ஒரு நகல். 'கட்டுரையில் வரும் ஊழியர் ஆசிரியரின் கற்பனை. அவர் மோப்பத் திறனை இழந்ததாகச் சொல்வதும் கற்பனையே. அப்படி எந்த ஊழியரையும் ஆசிரியருக்குத் தெரியாது.' மனுவின் ஓரத்தில் குறிப்பு எழுதிய அந்த அதிகாரி நூறு வருஷம் கழித்து எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"இதுல கையெழுத்துப் போட்டா அண்ணன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டேன்.

"கற்பனை மேல நாங்க எதுக்கு மேடம் நடவடிக்கை எடுக்கப் போறோம்?" என்று ஆபீஸர் பல்லைக் காட்டினார்.

அண்ணனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். கைப்பையில் போன் இருந்தது. ஆனால் அவன் பாவம், அவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும், காப்பாற்ற வேண்டியது நான்தானே என்று நினைத்தேன். எவ்வளவு படித்தவள் நான். ஆபீஸர் நீட்டிய பேனாவால் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒரு டிஷ்யூ எடுத்து, நான் பிடித்த இடத்தைத் துடைத்துவிட்டுப் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "உங்க கன்ஃபர்மேஷன் ஃபைல் இந்த வாரமே மேல போயிடும்," என்று துறைத் தலைவர் சொல்லும்போது ஏலக்காய் எச்சில் ஒரு துளி என் மணிக்கட்டில் விழுந்தது. பாத்ரூமுக்குப் போய் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். மூன்று மணிக்கு வகுப்பு எடுத்தேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அண்ணி அவளுடைய அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். அண்ணன் காலை ஷிப்ட் முடித்து, குளித்து, தலைவாரி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் பிளாஸ்டிக் கவருக்குள் என் கட்டுரை. அவனிடம் அது இருப்பதே எனக்குத் தெரியாது.

"உக்காரு," என்றான். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "கெமிஸ்ட்ரி மேடம் குடுத்தாங்க. வரி வரியாத் தமிழ்ல சொன்னாங்க. என்னைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லல பாரு."

"அண்ணா, அது வந்து..."

"இரு, முழுசாக் கேளு. போன வாரம் தொழிலாளர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கேன். வேலை செய்யற இடத்துலதான் மூக்கு போச்சுன்னு ஃபாக்டரி ஒத்துக்கணும், என்னை பம்ப் ரூமை விட்டு ஸ்டோர்ஸுக்கு மாத்தணும்னு. அத்தோட இதையும் வச்சுக் குடுத்தேன். அங்க இருக்கிற டாக்டர் படிச்சுப் பாத்துட்டு, 'இதுல பேரே இல்லையேப்பா, இந்த ஊழியர் நீதான்னு நான் எப்படி நம்பறது'ன்னாரு."

பிளாஸ்டிக் கவரிலிருந்து கடைசிப் பக்கத்தை உருவினான். என் வரிக்கு அடியில் சிவப்பு மையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தான்.

"இதைக் காட்டினேன். ஆளு அப்படியே நிமிந்து உக்காந்துட்டாரு. திங்கக்கிழமை உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு. ஆமா, இது எங்க அண்ணன்தான்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம்."

"வேலை போயிடும்னு உனக்குப் பயமா இல்லையா?"

"பதினெட்டு வருஷமா பயந்து பயந்துதானே மூக்கு போச்சு."

போன வாரம் மனு. அதன் நகல் ஃபாக்டரிக்குப் போயிருக்கும். ஆபீஸர் என் கட்டுரையைத் தேடிப்பிடித்துப் படித்துவிட்டு வந்திருந்தார் என்று நான் நினைத்தேன் பாருங்கள். ஒரு மாதமாக யாரும் அதைச் சீந்தவில்லை. அண்ணன்தான் அதைக் கையில் எடுத்தான், அதனால்தான் அவர் வந்தார். நான் போட்ட வரிகளிலேயே உருப்படியான ஒரே வரி அந்தக் கடைசி வரிதான். அதைத்தான் காலையில் போய் அழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

சொன்னேன். கடிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன், பூசி மெழுகவில்லை. சொல்லி முடித்த பிறகு, "எப்போ?" என்று மட்டும் கேட்டான்.

"இன்னிக்கு. பன்னெண்டு மணி இருக்கும்."

"எனக்குப் பன்னெண்டு மணிக்கு பிரேக். போன் கையிலதான் இருந்துச்சு."

"திங்கக்கிழமை நான் வர்றேன். அந்தக் கடிதம் பொய்னு டாக்டர்கிட்டச் சொல்லிடறேன்."

"கையெழுத்துப் போட்ட ஆளை யாரு நம்புவாங்க? அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யான்னு கேப்பாங்க. நீ எதைச் சொல்லுவே?" அவன் குரல் ஏறவே இல்லை. "கட்டுரை எழுதும்போதும் நீ என்னைக் கேக்கல. அப்ப எனக்கு வருத்தமில்ல, நல்லாத்தான் எழுதியிருந்தே. இதுக்காவது கேட்டிருக்கலாம்."

கடைசிப் பக்கத்தைக் கவருக்குள் பழையபடி செருகினான். ஓரம் மடங்கிவிடாமல், பார்த்துப் பார்த்து. எனக்கு என் தோலை உரித்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

மேஜையில் காலையில் அண்ணி காய்ச்சி வைத்துவிட்டுப் போன பால் இருந்தது. அண்ணன் டம்ளரில் ஊற்றினான். வழக்கம்போல என் பக்கம் நீட்டினான். பாதி வழியில் கை நின்றது. பிறகு டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

பால் கெட்டுப்போயிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்கு அந்தப் புளித்த நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"அண்ணா, குடிக்காத. அது நாறுது."

"உன் கற்பனையா இருக்கும்," என்று சொல்லிவிட்டு முழு டம்ளரையும் குடித்தான்.