கப்டனின் அண்ணன்

மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றில் வானத்தை வென்ற முதல் மகன், கப்டன் கந்தப்பன் நிரஞ்சன், தன் இறுதிப் பயணத்தை முடித்துத் தாய்மண் திரும்புகிறார்.

பனர் இப்படித்தான் சொன்னது. அதைச் சவுக்கு மரத்தில் கட்டிக்கொண்டிருந்த சுமன் மேலிருந்து கத்தினான்.

"சேர், எடம் பத்தல. ஒரு பக்கம் மடிக்கணும். இந்தப் பக்கம் மடிச்சா பிளேன் வாலு உள்ள போயிரும். அந்தப் பக்கம் மடிச்சா அப்பா பேரு போயிரும்."

நிரஞ்சனின் அண்ணன் முத்துலிங்கம் அதிகம் யோசிக்கவில்லை. "அப்பா பேர மடிச்சிரு. பிளேன்ல கை வைக்காத."

பனரில் இருந்தது நான்கு எஞ்சின், இரண்டு தட்டு விமானம். நிரஞ்சனுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருபது வயதில், கட்டுநாயக்க விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்தபோது, அப்படியான ஒன்றை உள்ளே போய்க் கூட்டியிருக்கிறான். பிறகு யாரோ ஒரு இஞ்சினியரின் பின்னால் நைரோபிக்குப் போனான். அங்கே ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, எண்ணெய் துடைத்து, பத்து வருடத்தில் ஓட்டக் கற்று லைசன்ஸும் வாங்கிவிட்டான். அதுவரை எல்லாம் உண்மை. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்படி ஒருவன் போனான் என்பதே போதுமான அதிசயம்தான்.

முத்துலிங்கத்துக்கு அது போதவில்லை. அவர் பாடசாலையில் உப அதிபர். காலைக் கூட்டத்தில் பேசும்போது ஒற்றை எஞ்சின், தகர உடம்பு, சீட்டெல்லாம் கழற்றிய விமானம் என்றெல்லாம் சொன்னால் பிள்ளைகளின் முதுகு நிமிராது. ஆகவே முதல் வருடம் ஐம்பது பயணிகள் என்றார். அடுத்த வருடம் இருநூறு. கடைசியாகக் கோயில் திருவிழா மேடையில் ஐந்நூறு பேரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். உண்மையில் நிரஞ்சனின் பின்னால் இருந்தவை சோள மூட்டைகள், தடுப்பூசிப் பெட்டிகள், சில நாள் காயம்பட்டவர்கள், சில நாள் ஆடுகள்.

பத்தரைக்கு வேன் வந்தது. பெட்டியை இறக்கினார்கள். தப்பு மேளம் ஒலித்தது. பெட்டியோடு ஓர் உயரமான ஆப்பிரிக்கரும் இறங்கினார். பெயர் ஒடியம்போ, நிரஞ்சனின் விமானத்தைப் பழுது பார்த்த மெக்கானிக். கம்பனி அனுப்பியிருந்தது. மார்கழிப் பனியில் அவருடைய பற்கள் தந்தியடித்தன. ஜெயந்தினி உள்ளே போய்க் கணவர் முத்துலிங்கத்தின் நல்ல ஸ்வெட்டரை எடுத்துவந்து கொடுத்தாள்.

"அது எனக்குக் கூட்டத்துக்குப் போட வச்சிருந்தது" என்றார் முத்துலிங்கம் மெதுவாக.

"நீங்க பொய்யப் போத்திக்கிட்டுத்தானே இருக்கீங்க. குளிராது" என்றாள் ஜெயந்தினி.

பெட்டியைத் திறக்கக்கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தது. லயத்து வீட்டு வாசலில் வைத்ததும் பெண்கள் சூழ்ந்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள். முகத்தைப் பாடும் இடம் வந்ததும் தடுமாறினார்கள். வாய்க்கரிசி எங்கே போடுவது என்ற கேள்வி எழுந்தது. தோட்டத்தில் இதற்கு முன்மாதிரி இல்லை. போட்டோவின் வாயில் போடலாம் என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். முத்துலிங்கம் போட்டோவைக் கொண்டுவந்தார். தொப்பி, டை, தோளில் நான்கு தங்கக் கோடு. தலவாக்கலை ஸ்டூடியோவில் செய்தது.

அழகம்மா அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவில் மகனைப் பார்த்தாள். பெற்றவளுக்கு எழுபது வயது, கண் மங்கவில்லை.

"மூஞ்சி எம்புள்ளதான். தோளு யாரோடது?"

முத்துலிங்கம் போட்டோவின் கண்ணாடியைத் துடைத்தார்.

"வேற எவனோ உசுரோட இருக்கிறவனுக்கு நான் எதுக்கு அரிசி போடணும்?" என்று சொல்லிவிட்டு, அவள் தன் தலையணைக்கடியிலிருந்து வேறொரு படத்தை எடுத்து வந்தாள். ரப்பர் செருப்பு, அரைக் காற்சட்டை, பக்கத்தில் சேறு அப்பிய குட்டி விமானம். அதன் சக்கரத்தை ஓர் ஆடு நக்கிக்கொண்டிருந்தது. நிரஞ்சன் சிரித்துக்கொண்டிருந்தான். அரிசி அந்தச் சிரிப்பின் மேல் விழுந்தது. கூட்டம் எட்டிப் பார்ப்பதற்குள் முத்துலிங்கம் படத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

பிறகு மைக் வந்தது.

தலைமை தாங்கிய கஜேந்திரன், எல்லா மரணங்களுக்கும் தலைமை தாங்குபவர். "இந்த மலையில் முதலில் பறந்தது குருவி. அதற்கடுத்துப் பறந்தவர் நம் கப்டன்" என்று தொடங்கி இருபத்தைந்து நிமிடம் பேசினார். தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டுக் களத்துக்கு எதிரே நிரஞ்சனுக்குச் சிலை வேண்டும் என்றார். அதே பெரட்டுக் களத்துக்குக் கக்கூஸ் கேட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அடுத்து ஒடியம்போவை அழைத்தார்கள். அவருடைய ஆங்கிலத்தை முத்துலிங்கம் மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு.

எல்லைக்கு அப்பால், சண்டை நடக்கும் நாட்டில் நிரஞ்சன் இறங்கும் இடங்களில் ஓடுபாதை என்று ஒன்றும் கிடையாது என்றார் ஒடியம்போ. செம்மண் கீற்றுதான். ஒரு வட்டம் அடித்து மாடுகளை விரட்டுவான். இரண்டாவது வட்டத்தில் துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பான். நேற்று ஒரு கூட்டத்திடம் இருந்த கிராமம் இன்று மற்றக் கூட்டத்திடம் இருக்கும். மூன்றாவது வட்டத்தில்தான் இறங்குவான்.

"சர்வதேச விமான நிலையங்களில் மிகவும் கவனமாகத் தரையிறங்குவாராம்" என்றார் முத்துலிங்கம்.

இறங்கியதும் எஞ்சினை அணைக்க மாட்டான். ஓட வேண்டி வரலாம். ஒருமுறை ஆயுதத்தோடு ஆறு பேர் ஏறிக்கொண்டார்கள். பாரம் கூடிவிட்டது. மூட்டையை இறக்கவும் விடவில்லை. மரங்களின் உச்சியை உரசிக்கொண்டுதான் மேலெழுந்தான்.

"பயணிகள் அவரை மிகவும் விரும்பினார்களாம். இடமில்லாதபோதும் ஏறுவார்களாம்."

முன்வரிசையில் முத்துலிங்கத்தின் மகள் கிருஷாந்தி, உயர்தர வகுப்பில் ஆங்கிலம் படிப்பவள், தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால், டுபாயில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்த திலக்ஷன் வாய்விட்டே சொன்னான்: "அந்தாளு ஒண்ணு சொல்றாரு, சேர் வேற சேனல் போடுறாரு."

இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். முத்துலிங்கத்தின் காது மடல்கள் சூடேறின.

ஒடியம்போ பெட்டியைப் பார்த்தபடி தொடர்ந்தார். கடைசி நாளன்று தரைக்குப் பக்கத்தில் வந்தபோது கீழிருந்து சுட்டார்கள். யார் சுட்டது என்று தெரியவில்லை. இரண்டு தரப்பும் அனுதாபம் தெரிவித்தன. அதற்கு மூன்று வாரம் முன்பே இறக்கையில் மூன்று ஓட்டை விழுந்திருந்தது. அவர்தான் தகடு வைத்து அடைத்தார். ஓட்டை விழுந்த ராத்திரியே நிரஞ்சன் வேலையை விடுவதாகச் சொன்னான். அவனுக்குப் பயம் வந்துவிட்டது. அங்கே ஓட்டுகிற நல்ல விமானிகள் எல்லோரும் பயப்படுவார்கள். பயப்படாதவர்களைத்தான் சீக்கிரம் புதைத்தோம். ஆனால் அவன் வீட்டில் ஏதோ விழா ஏற்பாடு செய்திருந்தார்கள். அண்ணனுக்கு வெட்கமாகிவிடும் என்றான். அதுவரை ஓட்டுகிறேன் என்றான்.

பேசி முடித்து அவர் முத்துலிங்கத்தைப் பார்த்தார். முந்நூறு பேரும் பார்த்தார்கள்.

அந்தத் தொலைபேசி அழைப்பு அவருக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது.

"அண்ணே, கீழருந்து சுட்டுட்டாய்ங்க. வந்துரவா?"

"இருபத்தெட்டாந் தேதி ஒனக்கு பாராட்டு விழா. கல்வி டிரெக்டர் வர்றாரு. நீ யூனிபோம்ல வந்து எறங்கணும். இப்ப வேலைய விட்டுட்டு வந்து நின்னா நான் என்னான்னு சொல்றது? பயந்து ஓடியாந்துட்டான்னா?"

"ஆமாண்ணே. பயந்துதான்."

"அப்பிடியெல்லாம் வாயால சொல்லாத. ஆம்பளையா இரு."

முத்துலிங்கம் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனார். இப்போது சொல்லிவிடலாம். ஒரே வரிதான். ஒடியம்போ காத்திருந்தார். அழகம்மா காத்திருந்தாள். பனர் காற்றில் படபடத்தது.

"என் தம்பி," என்றார். மைக்கை மற்றக் கைக்கு மாற்றினார். "என் தம்பி, கடைசிவரை பயம் என்றால் என்னவென்றே அறியாத வீரனாக இருந்தாராம்."

கைதட்டல் எழுந்தது. இழவு வீடு என்பது நினைவுக்கு வந்து பாதியில் நின்றது. ஒடியம்போவும், தன் பேச்சுக்குத்தான் தட்டினார்கள் என்று எண்ணித் தலை வணங்கினார். கிருஷாந்தி எழுந்து லயத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து திரும்பி, குளித்து, தேத்தண்ணி குடிக்கும்போது அழகம்மா மகனைக் கூப்பிட்டாள்.

"அந்தப் புள்ள அம்புட்டு நேரம் பேசுச்சு. நீ ஒரு வரியில முடிச்சிட்ட. என்னா சொன்னுச்சு?"

"அதான் சொன்னேனே, அம்மா."

"பயந்தானாமா?"

முத்துலிங்கம் கோப்பைக்குள் பார்த்தார். பிறகு ஆமென்று தலையை ஆட்டினார்.

"எங்கிட்டயும் சொன்னான்" என்றாள் அழகம்மா. "அண்ணன்கிட்ட கேளு, அது படிச்சது, நல்ல வழி சொல்லும்ன்னு நாந்தான் சொன்னேன்."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒடியம்போ புறப்படுமுன் எல்லோரையும் வாசலில் நிறுத்தி ஏதோ சொன்னார். இந்த முறை மொழிபெயர்க்க முத்துலிங்கம் வாயெடுக்கும் முன்பே கிருஷாந்தி முந்திக்கொண்டாள். அப்பாவைப் பார்க்காமல் அப்பத்தாவைப் பார்த்துச் சொன்னாள்.

"சித்தப்பா விழுந்த எடத்துல அந்த ஊர்க்காரங்க கல்லு அடுக்கி வச்சிருக்காங்களாம். அங்க சின்னப் பிள்ளைகளுக்குச் சித்தப்பாதான் மருந்து கொண்டுபோனாராம். வீட்டாள் ஒருத்தர் வந்து பாக்கணும்னு கேக்கிறாங்களாம். டிக்கெட்ட கம்பனி குடுக்குமாம்."

கூட்டத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

"சேர்தான் பொருத்தமானவர்" என்றார் கஜேந்திரன். "போய் வந்ததும் ஒரு கூட்டம் வைப்போம்."

அழகம்மா மகனின் கையைப் பிடித்தாள். "போயிட்டு வாப்பா. அவன் விழுந்த எடத்துல ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டு வா. நான் ஒங்கிட்ட வேற என்னா கேட்டேன்?"

"தவணைப் பரீட்சை வருதும்மா" என்றார் முத்துலிங்கம்.

ஜெயந்தினி வெற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குத் தெரியும்.

நான்கு வருடங்களுக்கு முன் நிரஞ்சன் அண்ணனுக்கு நைரோபி டிக்கெட் அனுப்பியிருந்தான். முத்துலிங்கம் விமானத்தின் வாசல்வரை போய், ஏறப் பயந்து, திரும்பி வந்துவிட்டார். உள்ளே போய்விட்ட அவருடைய பெட்டியைத் தேடி இறக்க நாற்பது நிமிடம் ஆனது.