ஒற்றை நாற்காலி அறை

கதவு மூடியதும் காற்று நின்றுபோயிற்று. அகாகி மலையிலிருந்து இறங்கிவந்து காலையிலிருந்து ஜன்னல்களை உலுக்கிக்கொண்டிருந்த காற்று, யாரோ அதன் கழுத்தைப் பிடித்ததுபோல் சட்டென்று இல்லாமலாயிற்று. அசாகாவுக்குத் தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது.

“இனிமே வெளியில என் பொண்டாட்டி கத்தினாலும் கேக்காது,” என்றார் ஷினோசுகா. “அதுக்காகத்தான் இந்த ரூமையே கட்டினேன்னு என் கூட்டாளிங்க சொல்லிட்டுத் திரியறானுங்க.”

அசாகா சிரித்தாள். அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் யுசுருவின் அப்பா அவர். அவர் சொல்லும் எல்லாவற்றுக்கும் காலையிலிருந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கன்னம் வலித்தது.

அவளும் யுசுருவும் அவன் ஊரான தகாசாகிக்கு வந்தது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல. வசந்தத்தில் கல்யாணம் முடிந்ததும் இருவரும் வெகுதூரத்திலுள்ள ஃபுகுவோகாவுக்குப் போகிறார்கள். யுசுருவுக்கு அங்கே வேலை உறுதியாகிவிட்டது. ஆனால் இங்கே வந்து பார்த்தால் வீட்டு மாடி அவர்களுக்காக இடித்துக் கட்டப்பட்டிருந்தது. தனிச் சமையலறை, தனிக் குளியலறை, வெளியிலிருந்தே ஏறிப்போகத் தனிப் படி. அறைச் சுவர்களுக்கு இளம்பச்சைக் காகிதம்கூட ஒட்டியாகிவிட்டது. மதியச் சாப்பாட்டில் யுசுரு மூன்று தடவை அதைச் சொல்ல வாயைத் திறந்தான். மூன்று தடவையும் சோற்றை வைத்து அடைத்துக்கொண்டான். பிறகு அப்பா எழுந்து, “வாம்மா, ரூமைக் காட்டறேன்,” என்றபோது அவன் அவளைப் பார்க்காமல் ஆரஞ்சுப் பழம் உரிக்க ஆரம்பித்தான்.

அறையில் ஒரே ஒரு நாற்காலி. வீட்டுக்குள்ளேயே சினிமா அறை கட்டிக்கொள்ளும் ஆட்களின் வழக்கம் அது. ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போவார்; விருந்தாளியை நடுவில் உட்காரவைத்து வீட்டுக்காரர் ஓரமாக நிற்பார்; கேட்டு முடித்ததும் விருந்தாளி பெருமூச்சு விட்டு, “அற்புதம்” என்பார். பிறகு தேநீர். அதற்கு மேல் எதுவும் சொல்வது நாகரிகமில்லை.

“உக்காரும்மா. முதுகை நல்லாச் சாய்ச்சுக்கோ. தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டக் கூடாது. ஒரு கை அளவு நகர்ந்தாலும் எல்லாம் கெட்டுப்போகும்.”

உட்கார்ந்தாள். நாற்காலி அவளை உள்வாங்கிக்கொண்டது. எதிரே சுவர் முழுக்கத் திரை. இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர்கள், காவலுக்கு நிற்பவைபோல. பின்னால், மேலே, தோளோரம் என்று இன்னும் எத்தனையோ.

“உங்க வயசுப் பசங்க எல்லாம் போன்ல, இன்டர்நெட்லதான படம் பாக்கறீங்க?” டிஸ்க் அலமாரியில் தேடிக்கொண்டே கேட்டார். “நான் முப்பத்தஞ்சு வருஷம் தண்ணி போர்டுல இருந்தவன். குழாய்ல வர்ற சமாச்சாரம் எனக்குத் தெரியும். கடைசி வீட்டுக்குப் போறப்போ அழுத்தமே இருக்காது. படமும் அப்படித்தான். அனுப்பறவன் பிழிஞ்சு பிழிஞ்சு அனுப்பறான், வாங்கறவன் சக்கையை வாங்கிட்டு ஆகா ஓகோங்கறான். டிஸ்க்னா கிணறு. நம்ம வீட்டுக் கிணறு. ஒருத்தனும் மூட முடியாது.”

“ஆமாப்பா,” என்றாள். யுசுருவைப்போல அவளும் அவரை அப்பா என்றே கூப்பிடப் பழகியிருந்தாள்.

அவள் வேலையே அப்படிப் பிழிவதுதான். டோக்கியோவில் ஒரு நிறுவனத்தில், இணையத்தில் போகும் படங்களின் ஒலியை எவ்வளவு சுருக்கினால் காது கண்டுபிடிக்காது என்று நாள் முழுக்கக் கேட்டுச் சொல்பவள். யுசுரு வீட்டில் “கம்ப்யூட்டர் கம்பெனி” என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான்.

விளக்கு அணைந்தது. திரையில் பனி மூடிய ஒரு தெரு. இடது மூலையிலிருந்து ஒரு குதிரைவண்டி புறப்பட்டுத் தெருவைக் கடந்து வலப்பக்கம் போனது. வண்டிதான் போனது. சத்தம் போகவில்லை. சக்கரமும் குளம்பும் மணியும் இடது சுவரோரமே கடகடத்துக்கொண்டு நின்றன. வண்டிக்காரன் தன் சக்கரங்களை மறந்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. இடது காது கூசியது. வலது பக்கத்தில் ஏதோ கிசுகிசுப்பு, அவ்வளவுதான்.

கம்பி கழன்றிருக்குமோ என்று முதலில் நினைத்தாள்.

“ஸ்பீக்கர் சத்தத்தை மைக் வச்சு மெஷினே அளந்து சரிபண்ணிக்கும்னு விக்கறான்,” இருட்டில் ஷினோசுகாவின் குரல் பெருமையாக வந்தது. “அந்த மைக்கை நான் பெட்டியிலிருந்தே எடுக்கலை. வருஷா வருஷம் என் காதால கேட்டுக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமா வச்சது இது.”

அப்போது அவளுக்குப் புரிந்தது. கம்பி இல்லை. சாப்பாட்டு மேசையில் யுசுருவின் அம்மா தோமியே அவருடைய இடப்பக்கமிருந்து மிசோ விழுது தடவிய சுட்ட மாவுருண்டையை நீட்டி, “இன்னொண்ணு?” என்று கேட்டபோது அவர் திரும்பவே இல்லை. கோபம் என்று நினைத்திருந்தாள். இடது காது ஆண்டுக்கு ஆண்டு மங்க மங்க, அந்தப் பக்கத்தை அவர் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். இந்த நாற்காலியில் எத்தனை பேர் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்களோ. அத்தனை பேரும் அற்புதம் என்றிருக்கிறார்கள்.

படம் நின்றது. விளக்கு எரிந்தது.

“எப்படி?”

அற்புதம் என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் காலையிலிருந்து பொய்யாகச் சிரித்த கன்னம் இன்னும் வலித்தது. அதோடு, காது விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பொய் வராது.

“அப்பா, இடது பக்கம் ரொம்ப அதிகமா இருக்கு. வண்டி வலப்பக்கம் போயிடுச்சு, சத்தம் போகவே இல்லை.”

“என்னது?”

“காது டாக்டரை ஒரு தடவை பாத்துட்டா...” முடிக்க முடியவில்லை.

ஷினோசுகா ரிமோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அறையில் அமைதி என்றால் முழு அமைதி. ஒளிந்துகொள்ள ஒரு கடிகாரச் சத்தம்கூடக் கிடையாது. முடிந்தது என்று நினைத்தாள். நல்லது, கத்தட்டும், வெளியே போகச் சொல்லட்டும். கதவுப் பக்கம் பார்த்தாள். தடித்த இரும்புப் பிடி.

அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

“திருட்டுப் பசங்க! அந்த ஓசிப்பா, மினேகிஷி, கூட்டாளிங்க எல்லாரும் என் தேநீரைக் குடிச்சுட்டு... ஒருத்தனும் சொல்லலையே!” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கே சந்தேகம் இருந்துச்சும்மா. யாரைக் கேக்கறது? பொண்டாட்டி இந்த ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டா. யுசுருவுக்கு ரேடியோவும் ஒண்ணு, ரோடு போடற சத்தமும் ஒண்ணு. உனக்குக் காது இருக்கு. சரி, பரவாயில்ல. மாடியிலதான இருக்கப்போற? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கீழ இறங்கி வா. நீ கேட்டுச் சொல்லு, நான் திருப்பறேன். பின்னாடி ஸ்பீக்கர் எல்லாத்தையும் மொதல்லேருந்து பாக்கணும். வருஷக்கணக்கா வேலை இருக்கு!”

அவர் முகம் பத்து வயது குறைந்திருந்தது. அசாகா நாற்காலிக்குள் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தாள். பொய் சொல்லியிருந்தால் தேநீரோடு முடிந்துபோயிருக்கும். இப்போது அவளுடைய இரண்டு காதுகளும் இந்த வீட்டுக்கு எழுதப்பட்டுவிட்டன.

அவர் ஆம்ப்ளிஃபையர் முன் குனிந்து இடப்பக்க அளவைக் குறைக்கத் தொடங்கினார். இதற்குப் பிறகு சொல்லவே முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. மாடியின் இளம்பச்சைச் சுவர் கண்முன் வந்தது.

“அப்பா, நாங்க இங்க இருக்கப் போறதில்ல. ஃபுகுவோகா போறோம்.”

அவர் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார். அவருடைய இடது காதுதான் அவள் பக்கம் இருந்தது.

இன்னும் உரக்கச் சொல்லலாம். கத்தலாம். அப்படிச் சொல்லும் விஷயமில்லை இது. அசாகா நாற்காலியிலிருந்து எழுந்தாள். அலமாரியைச் சுற்றி, வயர்களைத் தாண்டி, அவருடைய வலப்பக்கம் போய்க் குனிந்தாள். அதே குரலில், அதே வார்த்தைகளை மறுபடி சொன்னாள்.

விரல் பட்டனில் நின்றது.

கேட்டுவிட்டது. அவருடைய கழுத்து நரம்பு அசைந்ததில் தெரிந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. டிஸ்க்கை முதலிலிருந்து ஓடவிட்டார்.

“படம் முடியட்டும்,” என்றார்.

“எவ்வளவு நேரம் ஓடும்பா?”

“நீளம்தான்.”

விளக்கை அணைத்தார். இருட்டில் அசாகா கைகளால் தடவித் தடவி நாற்காலிக்குத் திரும்பினாள். குதிரைவண்டி மறுபடி புறப்பட்டது. இந்தத் தடவை சக்கரங்களும் கூடவே போயின, திரையின் கடைசி வரைக்கும். கதவோரம் நின்றிருந்த அவருக்கு அதில் பாதி கேட்டிருக்காது. இந்தத் தடவை எப்படி என்று அவர் அவளைக் கேட்கவுமில்லை.