அடுத்த ஆள்

"அன்னிக்கு என்னாச்சுன்னா சார்…" என்று விருத்தாம்பாள் ஆரம்பித்தாள். டாக்டர் மணியை அடித்துவிட்டார்.

மேசை ஓரத்தில் தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்தாற்போல ஒரு மணி. அது அடித்தால் அடுத்த ஆள் உள்ளே வரலாம். வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர் அந்த நொடியே ஒரு காலை அறைக்குள் வைத்துவிட்டார். முன்பின் தெரியாத ஆம்பளையைப் பின்னால் நிறுத்திக்கொண்டு எந்தப் பொம்பளை தன் உடம்பைப் பற்றிப் பேசுவாள்?

"சுகர் கன்ட்ரோல்ல இருக்கும்மா. டயர்டு யாருக்குத்தான் இல்ல? வாக்கிங் போங்க."

"நானும் அதத்தான் சார் சொல்றேன், கேக்க மாட்டேங்குறா" என்று பக்கத்தில் நின்ற புருஷன் சபாபதி டாக்டர் கட்சியில் சேர்ந்துகொண்டான்.

வாக்கிங்காம் வாக்கிங். திருப்பாதிரிப்புலியூரில் கோயிலுக்குப் பின்தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள் அவள். விடிவதற்குள் எழுந்து அரிசி களைந்து, உளுந்து போட்டு, அரைத்து, வழித்து, பாக்கெட் கட்டி, வாசலுக்கும் கிரைண்டருக்குமாக அவள் நடக்கிற நடையைச் சேர்த்தால் திருவதிகைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். வேலை செய்த அலுப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். படுத்தால் போய்விடும். இது அது இல்லை. தூங்கி எழுந்தாலும் நனைந்த சாக்கைத் தூக்கி மேலே போட்டதுபோலக் கிடக்கிறது. கண்ணைத் திறக்கவே யாரையாவது கூலிக்குக் கூப்பிடலாமா என்றிருக்கும்.

சர்க்கரை வந்து ஆறு வருசம். முதலில் பார்த்த டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார், குறைத்தாள். அடுத்தவர் அரிசியைக் குறைக்கச் சொன்னார். ஊருக்கே இட்லி மாவு கொடுக்கிறவள் சாமைக் கஞ்சி குடிப்பதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. ஒரு பெண் டாக்டரிடம் போனாள். பெண்ணுக்குப் பெண் புரியும் என்று நம்பினாள். "இந்த வயசுல லேடீஸுக்கு அப்பிடித்தாம்மா" என்று அந்த அம்மாளும் மணியை அடித்துவிட்டாள். விரலில் குத்துவது ஒரு பெண், கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பது இன்னொரு பெண். டாக்டர்கள் தொட்டதெல்லாம் பேப்பரையும் பேனாவையும் மணியையும்தான். நாடியைக்கூட ஒருவரும் பிடித்துப் பார்த்ததில்லை.

அவள் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். போன மாதம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். முந்தானை பெல்ட்டில் மாட்டிக்கொண்டு சுற்றியது. கழுத்து இறுகின பிறகுதான் விழிப்பு வந்தது. கை சுவிட்சுக்கு எட்டவில்லை. நல்ல வேளை, கரண்டு போய்விட்டது. கரண்டு போனால் ஈ.பி.காரன் குடும்பத்தையே திட்டித் தீர்க்கிறவள், அன்றைக்குச் சுவரில் சாய்ந்து அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கிழிந்த முந்தானையைப் பார்த்துவிட்டு, "ஒரு பொடவைய ஒழுங்கா வச்சிக்கத் தெரியல" என்றான் சபாபதி. நடந்ததை அவள் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கிரைண்டரை விற்றுவிடுவான். வியாதியை விட்டுவிட்டுப் பிழைப்பைப் பிடுங்குவார்கள். டாக்டரிடம்தான் சொல்லவேண்டும். இன்னொரு தரம் கரண்டு போகும் என்று என்ன நிச்சயம்?

சிதம்பரத்தில் ஒரு டாக்டர் பொறுமையாகக் கேட்கிறார் என்று மாவு வாங்க வந்த ஒருத்தி சொன்னாள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று தெரிந்தும் கிளம்பினாள். கிழிசலை மடித்துத் தைத்து, வேண்டுமென்றே அதே புடவையைக் கட்டிக்கொண்டாள். பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது கண்ணை மூடியவளைச் சிதம்பரம் ஸ்டாண்டில் சபாபதி உலுக்கி எழுப்பினான்.

"இவ்ளோ நல்லா தூங்குற, அப்பறம் என்னா டயர்டு?"

இதற்குப் பதில் சொல்வதற்கு வேறு தனியாகத் தெம்பு வேண்டும்.

டோக்கன் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தாள். சபாபதி டீ குடிக்கப் போனான். விழித்துப் பார்த்தபோது அவளுக்கு அப்புறம் வந்தவர்களெல்லாம் மருந்துச் சீட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

"மூணு வாட்டி கூப்ட்டேம்மா. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க" என்றாள் டோக்கன் கொடுக்கிற அனுப்பிரியா.

"இந்தத் தூக்கத்தக் காட்டத்தாம்மா வந்திருக்கேன்."

"அதுக்கு நான் என்னா பண்றது? அஞ்சு பேர் போவட்டும், அப்பறம் வுடுறேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சரிதான். உட்கார்ந்தால் மறுபடி தூங்கிவிடுவோம் என்று, முறை வரும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம் ஒன்றுதான் அவளை நிறுத்தி வைத்திருந்தது.

முறை வந்தபோது சபாபதியும் வந்து சேர்ந்துகொண்டான். உள்ளே டாக்டர் இளவயசு. சிரித்த முகம். மேசை ஓரத்தில் அதே தேங்காய் மூடி.

"சொல்லுங்க, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல சார், சும்மா டயர்டா இருக்குன்றா" என்றான் சபாபதி.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "சுகர் நல்லாத்தானே இருக்கு. தூக்கம் வருதா?"

"பஸ்லயே தூங்குறா சார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். விருத்தாம்பாள் சிரிக்கவில்லை.

"அப்ப கவலப்பட ஒண்ணுமில்லம்மா. வாக்கிங் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வலது கையால் எழுத ஆரம்பித்தார். இடது கை மணியைத் தேடிப் போனது.

விருத்தாம்பாள் எட்டி மணிமேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டாள்.

மணி ஒரு முனகலோடு நின்றது. அந்த முனகலுக்கே கதவு திறந்து யாரோ ஒரு காலை உள்ளே வைத்தார்கள்.

"வெளிய நில்லுங்க. நான் இன்னும் பேசவே இல்ல" என்றாள் திரும்பிப் பார்க்காமல். கால் பின்வாங்கியது.

"ஏய், என்னா பண்ற? கைய எடு" என்றான் சபாபதி.

"நீ சும்மா இரு." கட்டிய நாளிலிருந்து அவனை 'நீ' என்று சொன்னதில்லை. "கிரைண்டர் ஓடும்போதே தூங்கிட்டேன் சார். முந்தானை பெல்ட்டுல சுத்திக்கிச்சு. கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. கரண்டு போனதால உக்காந்து ஒங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். எனக்குச் சுகர் எவ்ளோன்னு கேக்க வரல. நான் ஏன் அப்பிடித் தூங்குனேன்? அதச் சொல்லுங்க."

சபாபதி அவள் மடியில் கிடந்த முந்தானையைப் பார்த்தான். குனிந்து அந்தத் தையலை விரலால் நீவினான்.

டாக்டரின் பேனா பாதி எழுத்தில் நின்றிருந்தது. மணியடிக்க வந்த இடது கை விரல்கள் அவள் புறங்கைமேல் அப்படியே இருந்தன. ஆறு வருசத்தில் ஒரு டாக்டரின் கை அவள்மேல் பட்டது அப்போதுதான். அவள் கையை எடுக்கவில்லை.