டோரதியின் பெயர் ரகசியம்

லால்குடி கூட்டுறவுக் கிடங்கில் தர ஆய்வாளர் டோரதி பார்த்த வண்டுகளைப் பங்கு போட்டால் திருச்சி மாவட்டத்துக்கே ஆளுக்கு நாலு வரும். பள்ளிச் சத்துணவுக்குப் போகிற அரிசி மூட்டைகள் தாமே லாரியில் ஏறிக்கொள்ளும் போலிருந்தது. புழுத்ததை நல்லதோடு கலக்கச் சொன்னவர் மேலாளர் அரவிந்தன்.

டோரதி ஸ்ரீரங்கத்துத் தலைமை அலுவலகத்தில் புகார்க் கடிதம் கொடுத்தாள். விசாரணை அதிகாரி ரங்கநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. உங்க பேரு வெளியே வராது. உங்களைப் பழிவாங்க முடியாதும்மா, சட்டம் இருக்கு."

அன்று காவிரிப் பாலத்தில் அடித்த காற்று முழுக்கத் தனக்கே என்று பாலக்கரை வீட்டுக்குப் போனாள்.

நாலாம் நாள் கிடங்கின் அறிவிப்புப் பலகையில் ஓர் உத்தரவு தொங்கியது.

'பொருள்: புகார் அளித்தவரின் பெயரை ரகசியமாக வைத்தல் – தொடர்பாக. பார்வை: திருமதி டோரதி, தர ஆய்வாளர், லால்குடி அவர்களின் புகார்க் கடிதம்.'

ஒட்டியவர் எழுத்தர் மருதை.

"என்னண்ணே இது, என் பேரு போட்டிருக்கு?"

"பார்வை போடாம உத்தரவு செல்லாதுங்களே! எந்தக் கடிதத்தை வச்சுப் போட்டோம்னு காட்டணுமில்ல? மேல பாருங்க, 'ரகசியம்'னு சிவப்பு சீல் குத்தியிருக்கு."

"அதைப் பலகையிலயா ஒட்டுவாங்க?"

"எல்லாருக்கும் தெரிஞ்சாத்தானே யாரும் வெளியே சொல்லாம இருப்பாங்க?"

மதியத்துக்குள் அந்த ரகசியம் தெரியாதவர்கள் லால்குடியில் இரண்டே பேர். இருவரும் அன்றைக்குத்தான் பிறந்தவர்கள். தினம் வணக்கம் வைத்த மூட்டைத் தொழிலாளர்கள் அவளைக் கண்டதும் கூரை ஓடுகளை எண்ணத் தொடங்கினார்கள்.

அரவிந்தன் மட்டும் பாகாய் உருகினார். "உங்க பாதுகாப்புதாங்க எங்களுக்கு முக்கியம். இங்க யாராவது மிரட்டிட்டா? அதான் தூரமா உப்பிலியபுரம் கிடங்குக்கு மாத்தியிருக்கோம்."

டோரதி ரங்கநாயகிக்குப் போன் செய்தாள்.

"பழிவாங்கினாத்தாம்மா சட்டம் வரும். இது பாதுகாப்பு மாறுதல்னு எழுதியிருக்காங்களே," என்றார் அவர்.

டோரதி அரவிந்தனைப் பார்த்துக் கேட்டாள்: "இனிமே பசங்க அரிசியை யாருங்க சோதிக்கிறது?"

"புது ஆள் வர்ற வரைக்கும் நான்தாங்க," என்றார் அவர், பேனாவைத் திறந்தபடி.

அவளுடைய பஸ் வருவதற்குள் மூன்று லாரிகள் கையெழுத்தாகிப் போய்விட்டன.