பிஷப்புக்குக் கீழ் அறை

என் கணவர் ஜெர்வே ஆப்பிள் மரத்தில் ஏணி வைத்து ஏறி, ஏணியோடு கீழே வந்தார். கணுக்கால் முறிந்துவிட்டது. தன் தங்கை ஒதீலையும் அவளுடைய கழுதையையும் நார்மண்டியிலிருந்து பிரான்சின் தெற்கே இருக்கும் லோசேர் மலைக்குக் கொண்டுபோய் விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் ட்ரெய்லர் கட்டி வண்டி ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் நான்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டிப் பழகிய கை.

"நீ போயிட்டு வாயேன், மரிவோன்" என்றார், கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு.

ஒதீலுக்கும் எனக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருவாள். கோழி கொஞ்சம் காய்ந்துபோயிருக்கிறது என்பாள். காபி குடித்துவிட்டுப் போய்விடுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலைக்காலம் முழுவதும் ரயில்வேயில் கால அட்டவணை போட்டவள். எந்த ரயில் எந்த ஊரில் எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும் என்பதுதான் அவள் வேலை. ஓய்வு பெற்றதும் யாரையும் கேட்காமல் லோசேரில் ஒரு கல்வீடும், அதன் பின்னால் கொஞ்சம் கஷ்கொட்டைத் தோப்பும் வாங்கிவிட்டாள். அந்த மலையில் அவளுக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை.

கழுதை எங்கள் வயலில்தான் பல வருஷமாக மேய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துச் சாம்பல் நிறக் கழுதைகளுக்கு முதுகில் சிலுவை போட்டது போலக் கறுப்புக் கோடு இருக்கும். இதற்கு அந்தச் சிலுவையோடு ஒரு பெரிய மனுஷத்தனமான நடையும் இருந்ததால், ஜெர்வே பிஷப் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த பிறகு அவரை எப்படி 'அது' என்று சொல்வது? வீட்டில் எல்லோரும் 'அவர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

புறப்படுவதற்குப் பல நாள் முன்னாலேயே ஒதீல் எங்கள் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்துவிட்டாள். நாலு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள்.

"நாலு ராத்திரியா? ரெண்டு போதுமே" என்றேன்.

"அவருக்கு வயசாச்சு அண்ணி. ஒரு நாளைக்கு ரொம்ப தூரம் ஆகாது."

"அவரா நடக்கப் போறாரு? வண்டில நிக்கத்தானே போறாரு."

"நாள் முழுக்க நின்னு பாருங்க, தெரியும்."

"சரி, கொரேஸ் பக்கம் எதுக்குப் போறோம்? அது மேற்கால சுத்திப் போற வழி."

"அங்க மேடு கம்மி" என்றாள், பென்சிலைக் கூர்மையாக்கிக்கொண்டே. நான் அந்தப் பக்கம் வண்டி ஓட்டியிருக்கிறேன். அங்கே மேட்டைத் தவிர வேறொன்றும் கிடையாது.

என் யோசனை வேறு. சாயங்காலம் எங்கே நல்ல புல்லும் நிழலும் கண்ணில் படுகிறதோ அங்கே வண்டியை நிறுத்தி, யாரையாவது கேட்டால் இடம் கொடுப்பார்கள்.

"யாரையாவதுன்னா யாரு? அந்த யாராவதுக்குப் பேரு இருக்கா, போன் நம்பர் இருக்கா?" என்றாள் ஒதீல்.

ஜெர்வே நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "ரெண்டு பேரும் இப்படியே பேசிக்கிட்டுப் போங்க. பிஷப்புக்கு நல்லா பொழுது போகும்."

அடுத்த நாட்களில் அவள் தொலைபேசியோடு தோட்டத்தில் நடந்துகொண்டே இருந்தாள். வந்து சொல்லும்போது முகம் சில நாள் தொங்கிக் கிடக்கும், சில நாள் நிமிர்ந்திருக்கும். ஒரு வழியாக நாலு இடமும் அமைந்துவிட்டன என்றாள்.

முதல் இரவு பெர்ஷ் பகுதியில், ஊராட்சி நடத்தும் கூடார மைதானம். காவலாளி நல்லவர். ஆற்றோரத்தில் ஒரு மூலையைக் கயிறு கட்டி ஒதுக்கியிருந்தார். பிஷப் அந்தக் கயிற்றைக் கழுத்தால் தள்ளிவிட்டுப் போய், பக்கத்துக் கூடாரத்து டச்சுக்காரத் தம்பதி மேஜையில் கழுவி வைத்திருந்த கீரையை முழுதாகத் தின்றுவிட்டு, எண்ணெயும் வினிகரும் கலந்த கிண்ணத்தை முகர்ந்து பார்த்துத் தும்மினார். டச்சுக்காரப் பெண் கோபப்படவில்லை. புகைப்படம் எடுத்துக்கொண்டாள். நான் எங்கள் தக்காளியைக் கொடுத்தேன். ஒதீலுக்குத்தான் தாங்கவில்லை. "கயிறு உயரம் எவ்வளவுன்னு நான் கேட்டிருக்கணும்" என்று படுக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் பெரி பகுதி. வெர்ன்யோல் என்ற சின்ன ஊர். மதாம் பாஸ்கே என்ற பெண்மணி தன் வீட்டிலேயே அறைகளை வாடகைக்கு விட்டு, இரவுச் சாப்பாடும் போடுகிறாள். கோதுமை வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது, "இந்த இடம்தான் நாலுலயும் நல்ல இடம் அண்ணி. அந்தம்மா குரலே அவ்வளவு மரியாதையா இருந்துச்சு. அவருக்குக் கீழ ரூம் கொடுக்கிறேன்னு சொன்னாங்க" என்றாள் ஒதீல்.

"ரூமா?"

"கொட்டகையைச் சொல்லியிருப்பாங்க."

சூரியன் நன்றாக மேலே இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். கேட்டின் இரண்டு பக்கமும் ரோஜாப் பூச்செண்டு கட்டியிருந்தது. முற்றத்தில் நீள மேஜை, வெள்ளை விரிப்பு, மடித்து நிறுத்திய கைதுடைக்கும் துணிகள். ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஆண்கள் இஸ்திரி போட்ட சட்டையில், பெண்கள் காதில் தொங்கலோடு, வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் ஒரு பாதிரியார். கல்யாண வீட்டுக்கு வழி தவறி வந்துவிட்டோமா என்று நினைத்தேன்.

நீலப் பட்டுச் சட்டை போட்ட, அறுபது வயது இருக்கும் ஒரு பெண்மணி வேகமாக வந்து காரின் பின் இருக்கையை எட்டிப் பார்த்தாள். அவள்தான் மதாம் பாஸ்கே. பின் இருக்கையில் எங்கள் பைகள்தான் இருந்தன.

"அவரு எங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பின்னால வண்டியில" என்றாள் ஒதீல்.

மதாம் பாஸ்கே ட்ரெய்லரைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "அதுலயா? நார்மண்டியிலேர்ந்து அதுலயா வர்றாரு?"

"வழக்கமா அதுலதான். பழகிட்டாரு."

"உக்கார இடம் இருக்கா?"

"நின்னுக்கிட்டுத்தான் வருவாரு. படுத்துட்டா எழுப்ப முடியாது."

எனக்கு அப்போதுதான் விஷயம் மண்டையில் ஏறியது. ஒதீலின் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் அவள் ட்ரெய்லர் கதவைக் கீழே இறக்கிவிட்டாள். உள்ளேயிருந்து பிஷப், அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்து, தலையை நீட்டி, தன் வாழ்நாளிலேயே நீளமான ஒரு கத்தலைக் கத்தினார்.

முதலில் சிரித்தவர் பாதிரியார்தான். டோகோ நாட்டிலிருந்து வந்து, சுற்றிலும் உள்ள எட்டு ஊர்க் கோயில்களை ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்ளும் ஃபாதர் கோசி. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, தொடையைத் தட்டிச் சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மதாம் பாஸ்கே மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வீட்டுக்குள் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் பின்னாலேயே போனேன். அடுப்பில் பெரிய பாத்திரத்தில் பயறும் பன்றித் தொடையும் கொதித்துக்கொண்டிருந்தன. அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"ஊர் முழுக்கச் சொல்லிட்டேன்" என்றாள். "இந்த ஊருக்கு எந்த பிஷப் வந்தாரு? எங்க வீட்டுக்கு வர்றாருன்னு பெருமையா சொல்லிட்டேன். முழங்கால் முடியாதவருன்னு போன்ல சொன்னாங்க, என் படுக்கையையே கீழ் ரூம்லேர்ந்து மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன். இனிமே கடைக்குப் போனா கழுதையம்மான்னுதான் கூப்பிடுவாங்க."

நான் கரண்டியை எடுத்துப் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். அடிப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. அப்போது ஒதீல் உள்ளே வந்தாள். கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், அதிகாரி முன்னால் போய் நிற்பது போல.

"மதாம், தப்பு என்னோடது" என்றாள். "இந்தப் பக்கம் முதல்ல கேட்ட இடத்துலயெல்லாம் கழுதைன்னு ஒழுங்காச் சொன்னேன். சொன்னதும் போனை வச்சிட்டாங்க. ஒருத்தரு சிரிச்சுட்டு வச்சாரு. அதனால உங்ககிட்ட பேரை மட்டும் சொன்னேன். நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்களோன்னு நடுவுல ஒரு சந்தேகம் வந்துச்சு. வந்தும் சொல்லல. இடம் போயிடுமோன்னு பயம்."

ஒதீல் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. காலங்காலமாகக் கோழி காய்ந்துபோனதற்கு நான்தான் கேட்டிருக்கிறேன்.

மதாம் பாஸ்கே திரும்பினாள். மூக்கை உறிஞ்சினாள். "அப்ப ராத்திரி அவருக்கு அமைதி வேணும், மணி சத்தம் ஆகாதுன்னு சொன்னீங்களே, அது?"

"அது உண்மைதான். மணி அடிச்சா பதிலுக்குக் கத்துவாரு."

"நான் ஃபாதர்கிட்டச் சொல்லி இன்னிக்குச் சாயங்கால மணியையே நிறுத்தி வச்சிருக்கேன்" என்றாள் அவள். சொல்லும்போதே உதடு கோணியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வந்தது பாருங்கள் சிரிப்பு, என் கையிலிருந்த கரண்டிகூடத் தரையில் விழுந்து உருண்டது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பயறு நன்றாகவே அடிப்பிடித்துவிட்டது.

வெளியே வந்தபோது ஊர்க்காரர்கள் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஒயின் திறந்தாகிவிட்டது. பிஷப்பைச் செர்ரி மரத்தடிக்கு ஓட்டிப் போய் மேய விட்டிருந்தார்கள். ஃபாதர் கோசி என் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுப்பால் சீஸை வெட்டிக்கொண்டே சொன்னார்: "உண்மையச் சொல்லட்டுமா மதாம்? எனக்கு உயிரே இப்பதான் திரும்பி வந்துச்சு. கோயில் கூரை ஏன் இன்னும் ஒழுகுதுன்னு அவரு கேட்டா என்ன சொல்றதுன்னு காலைலேர்ந்து பாடம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

"இவரு கேக்க மாட்டாரு ஃபாதர்" என்றாள் ஒதீல்.

"எங்க ஊர்ப் பக்கமும் கழுதை உண்டு. ஆனா இவ்வளவு மரியாதை யாரும் கொடுத்ததில்ல. அதான் அங்க அதுங்க உதைக்குது."

அன்று ஒதீல் இரண்டாவது முறை பயறு வாங்கிச் சாப்பிட்டாள். தீய்ந்த வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிஷப்புக்காகத் தயார் செய்த கீழ் அறையில், சரிகைத் தலையணை உறையில், நாங்கள் இருவரும் படுத்துத் தூங்கினோம்.

காலையில் முற்றத்தில் காபி குடிக்கும்போது மதாம் பாஸ்கே கேட்டாள்: "இன்னிக்கு எதுவரைக்கும் போறீங்க?"

"கொரேஸ்" என்றேன்.

"லோசேருக்குக் கொரேஸ் வழியாவா? யாரு சொன்னது இந்த வழிய? நேரா தெற்கால போனா நாளைக்கு மதியம் வீட்ல இருக்கலாமே."

ஒதீல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள். தடவிய இடத்திலேயே திரும்பத் திரும்பத் தடவினாள். நான் அங்கே ஒன்றும் கேட்கவில்லை. ஊரைத் தாண்டி, சூரியகாந்தி வயல்கள் தொடங்கிய இடத்தில் வேகத்தைக் குறைத்தேன்.

"ஒதீல், ரயிலுக்கெல்லாம் வழி போட்டவ நீ. உனக்கா தெரியாது?"

"தெரியும்."

"அப்புறம்?"

"அங்க போய்ச் சேந்தா நீங்க வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிடுவீங்க. அந்த வீட்ல நானும் அவரும்தான். வாங்கறப்ப ஒண்ணும் தோணல. பென்சிலக் கையில எடுத்ததும் தோணுச்சு. ஒரு ராத்திரி கூட்டினேன். அப்புறம் இன்னொண்ணு."

"என்கூடவா? உனக்கு நான் செய்யற கோழியே பிடிக்காது."

"கோழி பிடிக்காதுதான்" என்றாள். "அதுக்காக ஒரு ஞாயித்துக்கிழமையாவது வராம இருந்தேனா?"

சாலையோரம் மரநிழலில் வண்டியை நிறுத்தினேன். பின்னால் பிஷப் காலை மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷமும் அவள் குறை சொல்ல வருகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்குப் போக வேறு வீடு இல்லை என்பது தெரிந்தும், அதை நினைத்துப் பார்த்ததில்லை.

"இப்படிச் செய்யலாம்" என்றேன். "கொரேஸ் வேண்டாம். நேரா போவோம். வழியில மிச்சமாகிற ராத்திரிய உன் வீட்ல தங்கறேன். பத்தலன்னா இன்னும் ரெண்டு நாள் சேத்துக்கறேன். ஜெர்வே எங்கேயும் ஓடிடப் போறதில்ல, காலு கட்டுல இருக்கு."

"இடம் சொல்லி வச்சிருக்கே அண்ணி."

"வேண்டாம்னு சொல்லு."

அவள் தொலைபேசியை எடுத்தாள். ஒரு ரயிலை ரத்து செய்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு இடத்துக்கும் பேசினாள். வைத்துவிட்டு, "சரி, இன்னிக்கு ராத்திரிக்கு எங்க?" என்று கேட்டாள்.

"தெரியாது. புல்லப் பாத்து நிறுத்துவோம்."

"தெரியாது" என்று அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, போகிற வழியெல்லாம் புல்லைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இது காய்ந்திருக்கிறது, இங்கே நிழல் இல்லை, அங்கே நாய் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு இடுப்பு விட்டுப்போன பிறகுதான், மார்ஜரீத் மேட்டில் ஒரு பண்ணையைக் காட்டி, "இது" என்றாள். பால் கறந்துகொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்தாள், ட்ரெய்லரைப் பார்த்தாள். ஒதீல் இறங்கிப் போய், "எங்கிட்ட ஒரு கழுதை இருக்கு. கத்தும். கீரைய மேஜைல வைக்காதீங்க" என்றாள். அந்தப் பெண் வைக்கோல் கொட்டகையைக் காட்டிவிட்டுப் பாலைத் தொடர்ந்து கறந்தாள்.

மறுநாள் மதியம் லோசேர் வீட்டை அடைந்தோம். கதவு ஊறி இறுகிப்போயிருந்தது. இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அடுப்படியில் ஒரு ஆந்தைக் குடும்பம் இருந்தது. தோப்பில் புல் இடுப்பளவு. பிஷப் அதில் இறங்கியவர், காது மட்டும் தெரிய, சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

நான் அங்கே பத்து நாள் இருந்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், ஆந்தைகளுக்குக் கொட்டகையில் இடம் செய்தோம். கீழ்வீட்டுக்காரர் தேன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சீட்டாட நாலாவது ஆள் இல்லை, ஆடத் தெரியுமா என்று ஒதீலிடம் கேட்டார். அவள் எந்த ஆட்டம், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று விசாரித்தாள். ஜெர்வேயைத் தொலைபேசியில் கூப்பிட்டால், தினமும் முட்டைதான் பொரித்துச் சாப்பிடுகிறேன், எப்போது வருவாய் என்பார்.

"சுண்ணாம்பு காயட்டும்" என்பேன்.

கிளம்பிய அன்று காலை ஒதீல் கோழி சுட்டாள், வழியில் சாப்பிட. காலியான ட்ரெய்லர் கடகடவென்று ஆட, மலையிலிருந்து இறங்கி, முதல் சமவெளி வந்ததும் ஒரு பாலத்தடியில் நிறுத்திப் பொட்டலத்தைப் பிரித்தேன். நன்றாக ஈரப்பசையோடு, மென்மையாக இருந்தது. எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டேன். பிறகு அவளுக்குப் போன் செய்து, கொஞ்சம் காய்ந்துபோயிருக்கிறது என்றேன்.